என் மகளின் கிராப்புத் தலை

என் மகளிடம் ஒரு பொய் சொன்னேன். அவளுடைய தலைமுடி ரகத்துக்கு நீளம் ஒத்துக்கொள்ளாது, கிராப்புதான் பொருந்தும் என்ற பொய். இன்றுவரை அவள் அதை நம்புகிறாள்.

முடி வெட்டியதற்குப் போய் இவ்வளவு பீடிகையா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்... சண்டை போட எனக்குத் தெம்பில்லை. சுரங்கத்தில் ஷிப்ட் மாறி மாறி ஓய்ந்துபோன உடம்பு இது. அவளிடம் சொல்ல வாய் வராததை உங்களிடம் கொட்டுகிறேன், அவ்வளவுதான்.

நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் பிரிந்தபோது மகள் ஜெனி மூன்றாம் வகுப்பு. நெய்வேலிப் பள்ளியை விட்டுப் பிள்ளையை எடுக்க வேண்டாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பிள்ளை என்னோடு குவார்ட்டர்சில்; அவள் அம்மா மேல்பட்டாம்பாக்கத்தில், அண்ணன் வீட்டில். மாதத்தில் ஒரு ஞாயிறு நான் பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட வேண்டும்.

ஸ்டெல்லாவுக்குச் சுருட்டை முடி. அடர்த்தியான, சொன்ன பேச்சுக் கேட்காத முடி. பிள்ளைக்கும் அப்படியே! நெற்றியில் விழும் அந்த ஒற்றைச் சுருள்கூட அதேதான்... அந்த ஞாயிறுகளில் தாய் மகளைத் தன் முன்னால் உட்காரவைத்து, எண்ணெய் வைத்து, விரலாலேயே சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். முக்கால் பொழுது அதிலேயே போய்விடுமாம். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்களாம். அப்படி என்னதான் பேச்சோ!

ஒரு ஞாயிறு, திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளை சொன்னாள்: "அம்மா கை பட்டா வலிக்கவே மாட்டேங்குதுப்பா. நான் அங்கியே இருந்துக்கட்டுமா?"

மறுநாள் பள்ளி விட்டதும் அவளை எங்கள் பிளாக் முனையிலிருந்த சலூனுக்கு அழைத்துப்போனேன்.

சலூன்காரர் அவள் முடியைக் கையில் அள்ளிப் பார்த்தார். "இன்னா சார், இம்மாம் நல்ல முடி! சுருட்டைக்கு நீளம் இருந்தாதான் படியும். ஒட்ட வெட்னா குத்திகினு நிக்குங்க. பாப்பாவுக்கு நல்லா இருக்காது."

"வெட்டுங்க" என்றேன்.

பிள்ளை கண்ணாடியில் என் முகத்தைத் தேடினாள். "ஏம்ப்பா?"

"உன் முடி ரகம் அப்படிம்மா. நீளமா வுட்டா வேரோட கொட்டிப்பூடும். உன் மொகத்துக்கு இதான் எடுப்பா இருக்கும்."

சலூன்காரர் சொன்னதும் அவள் காதில் விழுந்ததுதான். ஆனாலும் அவள் நம்பியது என்னை.

விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும், ஆம்பிளைக்குப் பின்னத் தெரியுமா என்று உங்களிடம் சாக்குச் சொல்லலாம். டவுன்ஷிப்பில் அப்படித்தான் சொன்னேன். "பாவம், ஒத்த ஆளா வளக்கிறாரு" என்று என்மேல் இரக்கப்பட்டார்கள். அதுவும் பொய்! எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா தன் மகளுக்குப் பின்னும்போதே இவளுக்கும் இரட்டைச் சடை மடித்து ரிப்பன் கட்டித்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்.

பின் ஏன் வெட்டினேன்? பிள்ளையை அவள் அம்மாவின் கையிலிருந்து பிடுங்க வேண்டும். வேறு காரணம் ஒன்றுமே இல்லை.

அடுத்த முறை போனபோது ஸ்டெல்லா எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள். பிள்ளையின் தலையைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன்... திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா! "வெயிலுக்கு நல்லதுதான், வுடு" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அன்று இருவரும் டிவி பார்த்தார்களாம். அதன்பின் அந்த வீட்டில் பிள்ளைக்குப் பொழுது போகவில்லை. "போரடிக்குதுப்பா" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. மாதம் ஒருமுறை போனது, பிறகு லீவுக்கு மட்டும் என்றாகி, கடைசியில் கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்று ஆயிற்று. முடி தோளைத் தொடப்போகும் ஒவ்வொரு முறையும் நானே சலூனுக்கு அழைத்துப்போனேன். முதல் முறை கோபத்தில் செய்தேன் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையுமா கோபம்?

இப்போது ஜெனி கல்லூரிக்குப் போகிறாள். போன வாரம் போனும் கையுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்த மாதிரி முடிக்கு எந்த வெட்டு எடுப்பா இருக்கும்னு போட்டிருக்காங்கப்பா. சுருட்டை முடின்னா தோளுக்குக் கீழ விடணுமாம்! சும்மா அடிச்சு விடுறாங்க, இல்ல?"

இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது. சொல்லியிருக்கலாம்... "அம்மாகிட்ட கேளும்மா" என்றாவது சொல்லியிருக்கலாம்! பயம்! இந்த ஒன்றைச் சொன்னால் மற்ற எல்லாவற்றையும் அவளே கூட்டிப் பார்த்துவிடுவாள். அப்புறம் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

"எல்லார் முடியும் ஒண்ணா ஆயிடுமாம்மா?" என்றேன்.

"அதான் நானும் சொல்றேன்" என்று போனை மூடினாள். எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள்... அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாலையில் பார்லருக்குப் போய் வந்தாள். காது தெரிய, முன்பைவிடக் குட்டையாக. சலூன்காரர் அன்று சொன்னதுபோலவே உச்சியில் குத்திக்கொண்டு நின்றது. என் எதிரில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள்.

"நல்லா இருக்காப்பா?"

நெற்றியில் அந்த ஒரு சுருள் மட்டும் கத்திரிக்குத் தப்பியிருந்தது.

"உனக்கு இதாம்மா எடுப்பு" என்றேன்.