சுவருக்கு மேலே அடைத்த சாக்கு

போன மழைக்காலத்தில், இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நடந்தது இது. நெஞ்சு நோயால் ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவை அப்போதுதான் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தேன். அம்மா பீடி, சுருட்டு எதையும் தொட்டவரில்லை. காலமெல்லாம் விறகடுப்பை ஊதி ஊதியே நெஞ்சு கெட்டுப்போனது என்றார் டாக்டர். மூச்சு மருந்துப் பம்பை மறக்காமல் இழுக்க வேண்டும், கிளினிக்கைத் தவறவிடக் கூடாது, பேச்சுக் கொடுத்தும் கண் செருகினால் உடனே கொண்டுவர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் புகையே ஆகாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

கேஸ் அடுப்பு வாங்கிவிட்டேன். ஆனால் லயத்தில் வீடுகள் ஒட்டியிருக்கும்; நடுச்சுவர் கூரைத் தகரம் வரை எழும்பாது. எங்கள் அடுப்பை அணைத்தாலும் பக்கத்து வீட்டுப் புகை சுவரேறி வந்துவிடும். எந்நேரமும் வீட்டோடு இருக்கும் அந்த வீட்டு அக்காவுக்கும் எங்களுக்கும், பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது வந்த சண்டையால், பேச்சே இல்லை. போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "அவ அடுப்ப அணைக்கச் சொல்ல நாம யாரு? அவளும் சோறாக்க வேணாமா?" என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டார்.

ஆகவே உரச்சாக்குகளைச் சுருட்டி, சுவருக்கு மேலே இண்டு இடுக்கு இல்லாமல் அடைத்தேன். பெரிய காரியம் சாதித்த நினைப்பு எனக்கு.

மறுநாள் டவுனில் துணிக்கடை வேலை முடிந்து வந்தால், ஒரு சாக்கை அந்தப் பக்கமிருந்து யாரோ உருவியிருந்தார்கள். யாரோ என்ன, அக்காதான். எனக்கு வந்ததே கோபம்! நோயாளியிடமா பழி தீர்ப்பது? நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன்.

அக்கா வாசலில் இருந்தார். மழைக்குத் தறப்பாள் விரிப்பைக் கட்டி, மூன்று கல் வைத்து, தூறலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சோறு ஆக்கிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பொக ஆகாதுனு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. சாக்கப் பாத்துத்தான் புரிஞ்சுது. அடுப்ப வெளிய கொண்டாந்துட்டேன். சாக்கு இருந்தா ஒங்கம்மா இருமுறது எனக்குக் கேக்கல. நீ வேலைக்குப் போனப்பறம் அத வச்சுத்தானே அவங்க நல்லா இருக்காங்களானு பாத்துக்கிறேன்."

மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்து விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு ஒருநாள், கடையில் இருந்தபோது அம்மாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அக்கா. காலையிலிருந்து இருமல் சத்தமே இல்லையே என்று போய்ப் பார்த்திருக்கிறார். கூப்பிடக் கூப்பிட அம்மாவுக்குக் கண் செருகியிருக்கிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் எனக்குத் தகவல் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர்.

அம்மா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். சுவருக்கு மேலே அந்த இடைவெளியும் அப்படியே இருக்கிறது. முன்பெல்லாம் அம்மாவின் இருமலைக் கேட்டால் மனசு பதறும். இப்போதோ, அது சுவரைத் தாண்டி அக்காவின் காதிலும் விழுந்திருக்கும் என்ற நிம்மதியில்தான் தினமும் பஸ் ஏறுகிறேன்.