கடற்கரை ரூட்டுக்குத் தாமதமாக ஒரு பஸ்

மாணவர் பிரதிநிதி ஆக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. வகுப்பில் யாரும் கை தூக்கவில்லை, வருகைப் பதிவில் என் பெயர் முதலில் இருந்தது. அவ்வளவுதான் தேர்தல். மாதத்துக்கு ஒரு தடவை மாணவர் நலன் அதிகாரியின் அறைக்குப் போய், ஃபேன் சுற்றவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, கேன்டீன் சாம்பாரில் பருப்பைக் காணவில்லை என்று சொல்ல வேண்டும். "நோட் பண்ணிக்கிட்டேம்மா" என்பார் அவர். அடுத்த மாதம் அதே ஃபேனைப் பற்றி அதே நாற்காலியில் உட்கார்ந்து மறுபடியும் சொல்வோம். இரண்டாம் வருடம் வந்தபோது அந்த அறைக் கதவைத் தள்ளுவதற்கே எனக்கு அலுப்பாக இருந்தது.

ஃபேனும் சாம்பாரும் எப்படியோ போகட்டும். பஸ் விஷயம் அப்படியில்லை.

கெமிஸ்ட்ரி லேபில் எனக்குப் பக்கத்து மேசை என் தோழியுடையது. சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய குப்பத்திலிருந்து வருகிறவள். அப்பா இல்லை. அம்மா மீன் விற்கிறார், அண்ணன் கடலுக்குப் போகிறார். அண்ணன்தான் படிக்க வைத்தார், அதுவும் ஒரு நிபந்தனையோடு. ஒரே ஒரு அரியர் விழுந்தாலும் படிப்பு அதோடு சரி. அவர் பொல்லாதவர் இல்லை, சொன்னால் சொன்னதைச் செய்கிற ஆள். அதனால் அவள் அரியர் என்ற சொல்லை வாயால்கூடச் சொல்ல மாட்டாள்.

லேபில் அவள் கெட்டிக்காரி. ஆளுக்கு ஒரு பொடியைக் கொடுத்துவிடுவார்கள். அது என்ன உப்பு என்று ஒவ்வொரு சோதனையாகச் செய்து கண்டுபிடிக்க வேண்டும். உறுதிப்படுத்துகிற சோதனை கடைசியில்தான் வரும், அதுவரைக்கும் எல்லாம் ஊகம். நான் பாதியிலேயே அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். "இன்னாடி முழிக்கிற, சூடு பண்ணு" என்பாள்.

எங்கள் பல்கலைக்கழகம் கேளம்பாக்கத்தைத் தாண்டி இருக்கிறது. ஊரப்பாக்கத்திலிருந்து போய் வருகிற என்னைப் போன்றவர்களுக்கு மாலையில் காலேஜ் பஸ்ஸின் இரண்டாவது டிரிப் உண்டு. கடற்கரை ரூட்டுக்கு ஒரே பஸ்தான், அது நாலு மணிக்குக் கிளம்பிவிடும். லேப் முடிவதோ நாலரைக்கு. லேப் உள்ள நாட்களில் அவள் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் கேளம்பாக்கம் போய், அங்கிருந்து மாமல்லபுரத்துக்கு பஸ் பிடித்து, அங்கே இறங்கி இன்னொரு பஸ்ஸுக்கு நிற்பாள். வீடு போய்ச் சேரும்போது நன்றாக இருட்டியிருக்கும். "நின்னுகினே போறதுல காலுதான் வலிக்குது. வேற இன்னா, பழகிப்போச்சு" என்பாள்.

லேப் நாட்களில் மட்டும் அந்த பஸ் ஒரு முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால் போதும். இதைத்தான் நான் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டேன். டிரான்ஸ்போர்ட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். டிரைவரின் டியூட்டி நேரம் இடிக்கிறது என்றார்கள். பிறகு, எந்த பஸ் என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்கள்.

கடைசி வருடத்தில் படித்த ஒரு அக்காவும் பிரதிநிதிதான். கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது எனக்குத் தொழில் ரகசியம் சொன்னார்.

"பெண்கள் பாதுகாப்புன்னு ஒரு வார்த்தை சேத்துக்கோ. மத்ததெல்லாம் தூங்கும். அது மட்டும்தான் இங்க ஓடும்."

பிரதிநிதிகள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. நூலகத்துக்குப் பின்னால் விளக்கு எரிந்தது அப்படித்தான். கேன்டீன் எதிரில் சிமென்ட் பெஞ்சு வந்ததும் அப்படித்தான். பெஞ்சுக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை, வசதியாக உட்கார்ந்துகொண்டோம்.

அடுத்த கூட்டத்தில் சொன்னேன். "லேப் நாள்ல கடற்கரை ரூட் பொண்ணுங்க இருட்டுல மூணு வண்டி மாறிப் போறாங்க சார். பாதுகாப்பே இல்ல."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை ஏம்மா இவ்ளோ நாளா சொல்லல?"

அந்த வாரமே சுற்றறிக்கை வந்துவிட்டது. லேப் நாட்களில் கடற்கரை ரூட் மாணவிகள் அனைவரும் மூன்றே முக்காலுக்கு லேபை விட்டு வெளியேறி, நாலு மணி பஸ்ஸில் கட்டாயம் ஏற வேண்டும். பஸ் நேரத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். "நான் எங்கியும் போவல. முடிச்சிட்டுத்தான் போவேன்." ஆனால் லேப் மேடம் விடவில்லை. "வழியில உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க. கிளம்பும்மா" என்று அவள் கையிலிருந்த டெஸ்ட் ட்யூபை வாங்கி ஸ்டாண்டில் வைத்தார். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை, அவருக்கும் வேலை போகும் பயம். அதே ரூட்டில் போகிற பையன்கள் நிதானமாக லேபை முடித்துவிட்டு, வண்டி மாறி வண்டி பிடித்துப் போனார்கள்.

எங்கள் கூட்டங்களில், போன மாதம் தீர்ந்த பிரச்சினைகளை முதலில் வாசிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கைதட்ட வேண்டும். அந்த மாதம் முதலில் வாசித்தது கடற்கரை ரூட். எல்லோரும் தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு எழுந்து, "நாங்க கேட்டது பஸ் லேட்டாக் கிளம்பணும்னு சார்" என்றேன்.

"பாதுகாப்பு இல்லைன்னு நீதானம்மா சொன்ன? இருட்டறதுக்கு முன்னாடி வீட்டுக்கு அனுப்பிடறோம். இன்னும் என்ன வேணும்?"

"லேப் முடிக்க முடியல சார்."

"அது டிபார்ட்மென்ட் விஷயம். அங்க பேசு."

துறைத் தலைவரிடம் போனேன். சுற்றறிக்கை போட்டது மாணவர் நலன், அங்கே பேசு என்றார். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் மரம் கிடையாது. அந்த வெயிலில் போவதும் வருவதுமாக எத்தனை தடவை நடந்திருப்பேன் என்று தெரியாது. முதலில் ஆத்திரமாக வந்தது, பிறகு அதுவும் வரவில்லை.

அவள் விட்டுப்போன சோதனைகளை நான் செய்து பார்த்து, மாலையில் போனில் சொல்வேன். துத்தநாகத்துக்குக் கடைசிச் சோதனை, காகிதத்தைக் கரைசலில் நனைத்து எரித்துச் சாம்பலின் நிறத்தைப் பார்ப்பது. பச்சை என்றால் துத்தநாகம், நீலம் என்றால் அலுமினியம். பச்சையாக வந்தது என்று சொன்னேன், அவளும் எழுதிக்கொண்டாள். ஆனால் நிஜச் சாம்பல் அப்படிப் பளிச்சென்று பச்சையாக இருக்காது. கருகலுக்குள் லேசாக ஒரு சாயல் தெரியும். இரண்டு தடவை கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் அது பிடிபடும்.

செய்முறைத் தேர்வில் அவளுக்கு வந்தது துத்தநாகம். சாம்பலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேசக் கூடாது என்பதால் நான் என் மேசையில் குனிந்தபடி இருந்தேன். அவள் அலுமினியம் என்று எழுதிவிட்டு வந்தாள். பாதியில் விட்ட சோதனைகளுக்காக இன்டர்னல் மார்க்கும் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. அரியர் விழுந்தது.

அண்ணன் சொன்னதைச் செய்தார். அடுத்த செமஸ்டர் திறந்தபோது பக்கத்து மேசையில் வேறொருத்தி நின்றாள். அன்று மதியம் போன் செய்தேன்.

"நான் அண்ணன்கிட்ட பேசட்டுமா? அந்தப் பேப்பர மறுபடி எழுதிக்கலாம்டி."

"வாணாம்டி. நீ யார்கிட்டயும் எனக்காவப் பேசாத."

அம்மா கூப்பிட்டதற்கு, இதோ வருகிறேன் என்று குரல் கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"நீ நல்லதுக்குத்தான் கேட்ட. கேக்காம இருந்திருந்தா நான் பஸ்ஸ மட்டும்தான் வுட்டிருப்பேன்."

குரலில் கோபமே இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். மீனுக்கு ஐஸ் வண்டி வந்துவிட்டது, அம்மாவுக்குக் கூடை தூக்கிவிட வேண்டும் என்று வைத்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.