விமலா சிஸ்டர் எண்ணிய மூச்சு

"சிஸ்டர் போய்ட்டாங்கக்கா, நெஞ்சுவலியாம்" என்று பக்கத்து வீட்டு தேவி வந்து சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இனி யாரைக் கூப்பிடுவது? பழவேற்காட்டுக் குப்பங்களில் பிள்ளை பெற்ற உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இதை எழுதவே எனக்கு இத்தனை நாளாகிவிட்டது.

என் மகனுக்குப் பத்து மாதத்தில் சளி கட்டியது. இரண்டு துணி சுற்றி, எங்கள் குப்பத்து நர்ஸ் விமலா சிஸ்டரிடம் தூக்கிப் போனேன்.

"இன்னாம்மா, மீனாட்டம் பொட்டலம் கட்டினு வந்துக்கீற? துணிய அவுத்துடு, நெஞ்சு தெரியணும்."

ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார். ஐம்பத்தாறு. இந்த வயதில் ஐம்பதைத் தாண்டினால் நிமோனியா என்றார். அமாக்ஸிசிலின் மாத்திரையைத் தாய்ப்பாலில் கரைத்துக் காலையும் மாலையும் கொடுக்கச் சொன்னார். "சுரம் வுட்டாலும் நிறுத்தாத. அஞ்சு நாளுன்னா அஞ்சு நாளு."

இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. அன்று தேவியின் மகள் இருமினாள். எங்கள் குப்பத்தில் வலையில் எது விழுந்தாலும் பக்கத்து வீட்டுக்கு ஒரு கை போகும். அந்தப் பழக்கத்தில் மீதி மாத்திரை அட்டையையும் கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் காலை மகன் பால் குடிக்கவில்லை. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஓடி வந்த சிஸ்டர் மாத்திரை எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

"டிகிரி படிச்ச பொண்ணு! பங்கு போட இது இன்னா, இறாலா?"

அதற்குமேல் திட்டவில்லை. தொடையில் ஊசி போட்டார். தெருவுக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது. டச்சுக் கல்லறை அருகே அவனை ஏந்திக்கொண்டு நின்றோம்.

"இன்னா சிஸ்டர் பண்றான்?"

"இழுக்கிறான். நீ அழாத, எனக்கு எண்ணிக்கை தப்புது."

பொன்னேரி ஆஸ்பத்திரி வரை கூடவே வந்தார். ஆக்சிஜன் வைத்து மூன்றாம் நாள்தான் மகன் பால் குடித்தான். அதற்குள் அவர் தேவி வீட்டுக்கும் போய், "இவளுக்கு வெறும் சளி, மருந்தே வேணாம்" என்று அட்டையைப் பிடுங்கி வந்திருந்தார்.

என் பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தோடு அசையாமல் நின்று மூச்சை எண்ணும் ஒரு நிமிடத்தைத்தான் அவரிடமிருந்து கற்று வைத்திருக்கிறேன்.

அவரை எடுத்த அன்று, கூட்டத்தில் யாருடைய கைக்குழந்தையோ இருமியது. பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினோம். ஒருத்தி அதன் சட்டையைத் தூக்கினாள். நான் செல்போனில் நேரம் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். முப்பத்தெட்டு. பிறகுதான் மறுபடி அழுதோம்.