சீட்டுக்கடியில் கிடந்த கயிறு

உள்ளே படுக்கை போட்டு ஊர் சுற்ற ஒரு பழைய வேன் தேடி, இன்று துவாரகா போனோம்.

"ஒருநாள்கூட நடுரோட்ல நின்னதில்ல. பக்கா வண்டி," என்றார் வேனை விற்கும் மூர்த்தி அங்கிள்.

நான் இன்ஜினை முறைத்துக்கொண்டிருந்தேன். மனைவி சீட்டுக்கடியில் குனிந்து, நைந்துபோன ஒரு தடிக் கயிற்றை இழுத்தாள்.

"நிக்காத வண்டிக்கு இது எதுக்கு அங்கிள்?"

"அதுவா? மத்தவங்க வண்டிய இழுக்கறதுக்கும்மா."

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். "மூர்த்தி ஜி, ஜல்தி வாங்க. என் கார் மறுபடி படுத்துடுச்சு."

அந்தக் காரை மெக்கானிக் கடைவரை வேன் அலுங்காமல் இழுத்துப்போனது. அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். கயிறும் எங்களுக்குத்தான்.

அங்கிளுக்குச் சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரர் முகம்தான் வாடிவிட்டது.

அவருக்கு யாராவது ஒரு நல்ல கார் சொல்லுங்களேன்.