ஜூனி கீறிய பரங்கிக்காய்

வெர்மான்ட் மலைச்சரிவில் மேப்பிள் மரங்கள் சிவந்துவிட்டால் எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு மாடு குறுக்கே போக முடியாது. அந்த இலைகளைப் பார்க்க வரும் பட்டணத்துக் கார்கள் வரிசை கட்டி நிற்கும். அத்தனை பேரும் போய் இறங்குவது வெர்னாவின் பண்ணையில்தான். சோளக்காட்டுக்குள் வெட்டிவிட்ட புதிர்வழி, வைக்கோல் வண்டிச் சவாரி, தாங்களே பறித்துக்கொள்ளும் ஆப்பிள், வெர்னாவின் தம்பி லைல் சுடச்சுடப் பொரித்துப் போடும் டோனட் என்று அக்டோபர் முழுக்க அங்கே திருவிழாக் கூட்டம்.

வெர்னா அறுபதைத் தாண்டியவள். கல்யாணம், காட்சி எதுவும் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வைக்கோல் வண்டியை இழுக்கும் டிராக்டரை வேறு யாரையும் தொடவிட மாட்டாள். அடுத்தவருக்கு எது நல்லது என்று முடிவு செய்யும் வேலையை அவளிடம் யாரும் ஒப்படைக்கவில்லை; அவளாகவே எடுத்துக்கொண்டாள். யாராவது ஆசையாக ஒரு பரங்கிக்காயைத் தூக்கினால், "அதைக் கீழ வை. உனக்கு இதுதான் சரி" என்று வேறொன்றைக் கையில் திணிப்பாள். லைலின் மனைவி அவனை விட்டுப் போனபோது, அவள் விட்டுச்சென்ற துணிமணிகளையெல்லாம் அவன் சந்தையிலிருந்து திரும்புவதற்குள் வெர்னா கொளுத்திவிட்டாள். தம்பி பார்த்தால் மனசு ஒடிந்துபோவானாம். லைல் அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. தான் செய்தது சரி என்பதற்கு அந்த மௌனமே சாட்சி என்று வெர்னா எடுத்துக்கொண்டாள்.

இப்படிப்பட்டவள் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஜூலையில் பரங்கிப் பிஞ்சு பச்சையாக, கைப்பிடிக்குள் அடங்குகிற அளவில் இருக்கும்போதே, ஆணியால் ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரைக் கீறிவிடுவாள். கீறல் ஆறித் தழும்பாகிவிடும். காய் பருக்கப் பருக்க எழுத்தும் கூடவே பருக்கும். அக்டோபர் முதல் சனிக்கிழமை பிள்ளைகள் கொடிகளை விலக்கி அவரவர் பெயரைத் தேடிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். அன்று பட்டணத்தாருக்கு அந்த வயலில் இடமில்லை.

கீழ்வீட்டு கோலீனின் மகள் ஜூனிக்கு ஏழு வயது. கோலீன் பால்பண்ணைக்குப் போகும் நேரமெல்லாம் ஜூனிக்கு வெர்னாவின் டிராக்டர்தான் வீடு. பக்கத்தில் தொற்றிக்கொண்டு, "காலை உள்ள வைங்க! விழுந்தா நாங்க பொறுப்பில்ல!" என்று வண்டியிலிருக்கும் பெரிய மனிதர்களையெல்லாம் அதட்டுவாள். வெர்னா யாரிடமாவது தோற்றுப்போனாள் என்றால் அது அவளிடம்தான்.

போன ஜூலையில் ஜூனி கையை நீட்டி ஆணியைக் கேட்டாள்.

"என் பேரு வேணாம். எங்கம்மாவுக்கு ஒரு காய் வேணும். நானே எழுதுவேன்."

"பெரியவங்களுக்குக் கிடையாது. அதான் சட்டம்."

"யாரு போட்ட சட்டம்?"

"நான்தான்."

"அப்ப நீங்களே மாத்திடுங்க."

வெர்னா சிரித்துக்கொண்டே ஆணியைக் கொடுத்தாள். ஜூனி நாக்கைக் கடித்துக்கொண்டு, மண்டியிட்டு, கோணல்மாணலாக அம்மா என்று கீறினாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வெர்னாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஜூனிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. இரண்டே நாள். பிள்ளை போய்விட்டாள்.

காய்க்கு அதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு வளர்ந்தது. வெர்னா காலையில் வயலுக்குப் போகும்போதெல்லாம் அந்த எழுத்து முந்தின நாளைவிட அகலமாகத் தெரிந்தது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் செம்மையேறி, நடுவே அந்தத் தழும்பு வைக்கோல் நிறத்தில் புடைத்து நின்றது. கோலீன் இதைப் பார்த்தால் அங்கேயே விழுந்துவிடுவாள் என்று வெர்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால், பார்க்கத் தாங்காதவள் வெர்னாதான்.

முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் அந்தக் காயை வெட்டிப்போட அவள் மண்வெட்டியை எடுத்தபோது லைல் வழியை மறித்தான்.

"அது உன்னுது இல்ல, வெர்னா. கோலீன்கிட்ட ஒரு வார்த்தை கேளு."

"இதெல்லாம் கேக்குற விஷயமாடா? அவ பெத்த வயிறு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. அங்க போயி, உன் மக உனக்குனு ஒண்ணு எழுதி வச்சிருக்கா, வந்து பாரும்மானு சொல்லச் சொல்றியா?"

"ஆமா. அதைத்தான் சொல்லச் சொல்றேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. தள்ளு."

காயைத் துண்டுதுண்டாகக் கொத்திப் பன்றிகளுக்குப் போட்டாள். அவை தின்று முடிக்கும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. வயலில் பிள்ளைகளின் கூச்சல் தாங்கவில்லை. வண்டி நிறையப் பட்டணத்தாரை ஏற்றிக்கொண்டு வயலோரமாக வந்த வெர்னா, பிள்ளைகளுக்கு நடுவே கோலீனைப் பார்த்தாள். பால்பண்ணை பூட்ஸைக்கூடக் கழற்றாமல், குனிந்து ஒவ்வொரு கொடியாக விலக்கிக்கொண்டிருந்தாள். வெர்னா இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"என்னம்மா தேடுற?"

"எனக்குனு ஒண்ணு வச்சிருக்கேன்னு ஜூனி சொன்னா. என்னன்னு சொல்லல. அக்டோபர் வரைக்கும் வயல் பக்கம் எட்டிப் பாக்கவே கூடாதுன்னுட்டா." கோலீன் மூச்சு வாங்கினாள். "தினமும் இந்த வேலியோரமாத்தான் வேலைக்குப் போறேன், வெர்னா. அவ போனப்புறமும் ஒரு நாளும் திரும்பிப் பாக்கல. இன்னிக்குப் பாக்கலாம்ல, அதை நெனச்சுத்தான் ஒவ்வொரு நாளும் எந்திரிச்சேன்."

மான் தின்றுவிட்டது என்று சொல்லலாம். எங்கள் ஊரில் யாரானாலும் நம்புவார்கள். வெர்னா அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பன்னிக்குப் போட்டுட்டேன். நேத்து. நீ பாத்தா தாங்க மாட்டேன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

கோலீன் அவளை வெறித்துப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் வெர்னாவுக்கு நிற்க ஒரு இடம் கிடைத்திருக்கும்.

"என்ன எழுதியிருந்தா?"

"அம்மானு."

வண்டியில் யாரோ பொறுமையிழந்து விசிலடித்தார்கள். லைல் ஓடிவந்து அவர்களை இறக்கிவிட்டு டோனட் கடைப் பக்கம் கூட்டிப்போனான்.

"எவ்வளவு பெருசா வந்திருந்துச்சு?"

வெர்னா இரண்டு கையையும் அகட்டிக் காட்டினாள். அளவு சரிதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்து, இன்னும் கொஞ்சம் அகட்டினாள்.

கோலீன் கிட்டே வந்து, அந்த இரண்டு கைகளுக்கும் நடுவே ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மன்னிச்சிடு, கண்ணு" என்று வெர்னா கையை இறக்கப் போனாள்.

"இறக்காதீங்க" என்றாள் கோலீன். "இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருங்க."