எழுபத்திரண்டு எங்கே?

எழுபத்தேழு, எழுபத்தெட்டு வாக்கில் நடந்தது இது. காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வீடு தரங்கம்பாடிப் பக்கம், தினமும் பஸ். புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில் மதுக்கடை உண்டு, தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம் என்பதால், சாயங்காலம் பூவம் எல்லையைத் தாண்டியதும் போலீஸ்காரர் ஏறி எல்லார் பையையும் குடைவார். பாட்டில் கடத்துகிறோமாம்! திருத்த வேண்டிய நோட்டுகளைத் தவிர என் பையில் என்ன இருக்கப் போகிறது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் சந்தேகப்படுவதில் நான் மட்டும் அவருக்கு இளைத்தவளா என்ன?

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். வகுத்தல் கணக்கில் தடவிக்கொண்டிருந்தவள், காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு திடீரென்று வீட்டுக்கணக்கு அத்தனையும் சரியாகப் போட்டு வந்தாள். விடை சரி, வழிதான் விநோதம். 864-ஐ 24-ஆல் வகுக்க, நாம் 24-ஐ இடது பக்கம் எழுதி, மும்முறை என்று 72-ஐக் கீழே போட்டுக் கழிப்போம். இவள் 24-ஐ வலது பக்கம் எழுதி, அதன் அடியில் 36 என்று விடையைப் போட்டிருந்தாள். இந்தப் பக்கம் 864-க்குக் கீழே 144, அதற்குக் கீழே 0. அவ்வளவுதான். 72 எங்கே?

விடையை எங்கோ பார்த்து எழுதிவிட்டு, நடுவில் ஒப்புக்கு ஓர் எண்ணைப் போட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். இடம் மாற்றி உட்கார வைத்தேன். நோட்ஸ் ஏதாவது ஒளித்திருக்கிறாளா என்று பையைக்கூடச் சோதித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. என் சந்தேகம் கூடத்தான் செய்தது.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், "உம்மாதான் டீச்சர்" என்றாள். இது வேறா! அப்பா சிங்கப்பூரில். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவது தாய்மாமா. அம்மாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது என்று நானாகவே தீர்மானித்திருந்தேன். கரும்பலகையில் போடச் சொன்னேன். "72-ஐ எழுது" என்று நான் போட்ட அதட்டலில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள். குட்டு உடைந்தது என்று, நோட்டில் சிவப்பு மையால் 'பார்த்து எழுதியது' என எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன்.

மறுநாள் மதியம் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவளுடைய அம்மாவே வந்தார்.

"டீச்சரம்மா, நீங்க எழுதினதப் பாத்துட்டு எங்க அண்ணன், காப்பியடிக்கவா பள்ளிக்கூடம், படிச்சது போதும்ங்குது. நாளைக்கு டிசி வாங்க வருது. எம்புள்ள காப்பியடிக்கலங்க. எனக்கு ஒரு கணக்குக் குடுங்க."

அப்போதும் நான் நம்பவில்லை. புத்தகத்தில் இல்லாத கணக்காக, 1955-ஐ 23-ஆல் வகுக்கச் சொல்லிச் சாக்பீஸை நீட்டினேன். 23 வலது பக்கம் போனது. பெருக்குவதும் கழிப்பதும் வாய்க்குள்ளேயே நடந்தன, அதுவும் பிரெஞ்சில். கீழே 11 வந்தது, 5-ஐ இறக்கி 115 ஆக்கினார், பிறகு 0. விடை 85. நான் தாளில் போட்டு முடிப்பதற்குள் அவர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பிரெஞ்சுக்காரங்க இருந்தப்ப அஞ்சாவது வரைக்கும் படிச்சேங்க. கழிக்கிறத மனசுலயே கழிக்கணும், எழுதக் கூடாதும்பாங்க. அதோட என்னைய நிறுத்திட்டாங்க. இவளயும் நிறுத்த வச்சிடாதீங்க."

எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை மாமா வந்தார். தப்பு என்னுடையது என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். "அன்னைக்கு ஒண்ணு எழுதுறீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. எத நம்புறது?" என்றார். நியாயமான கேள்விதான். பெண்ணைக் கூப்பிட்டேன். அதே 864 கணக்கு. இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அவள் போட்டாள். பக்கத்திலேயே நான் 72-ஐ எழுதி என் வழியில் போட்டேன். இரண்டிலும் 36.

"அப்ப எழுதினத அடிச்சுக் குடுங்க" என்றார் மாமா. அடித்து, 'தவறு ஆசிரியருடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிசி கேட்காமலே போய்விட்டார். அந்தப் பெண் தன் இடத்தில் போய் உட்கார்ந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அன்று சாயங்காலமும் பஸ்ஸில் என் பையைக் குடைந்த போலீஸ்காரர், நோட்டுகளைப் பார்த்துவிட்டு "சரி டீச்சர்" என்று நகர்ந்தார். அவருக்காவது ஒன்றும் கிடைக்காவிட்டால் விட்டுவிடத் தெரிந்திருந்தது. நான் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிவிட்டாலும், பேரப்பிள்ளைகளின் வீட்டுக்கணக்கைக் கையில் எடுத்தால், "இதை எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்டு, சொல்வதை முழுசாகக் கேட்ட பிறகுதான் இன்றைக்கும் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறக்கிறேன்.