எல்லாப் பெயரும் கறுப்பு

லக்சாயினி பட்டியலைத் திறந்தாள். கணினித் திரையில் முப்பத்தெட்டுப் படகுக்காரரின் பெயர்களும் ஒரே கறுப்பாக நின்றன.

சாம்பல்தீவுப் பக்கத்து மீனவர் சங்கமொன்றில் அவள் எழுதுவினைஞர். கடலுக்குப் போனவரின் பெயரை எக்செல் தாளில் சிவப்பாக்குவாள். கரைக்கு வந்ததும் கறுப்பாக்குவாள். யார் கடலில் என்று எழுதிவைக்கப் பெயருக்குப் பக்கத்தில் வேறு நிரல் கிடையாது. கண் உள்ளவர்களுக்கு நிறம் போதும் என்று பெருமையடித்தவளும் அவள்தான்.

அன்று காலை மேலிடத்தில் பட்டியலை சிஎஸ்வி கோப்பாகக் கேட்டார்கள். சேமிக்கும்போது சில விஷயங்கள் அழிந்துபோகும் என்று கணினி எச்சரித்தது. அது எப்போதுதான் எச்சரிக்காமல் இருந்தது? ஓம், சேமி என்று தட்டிவிட்டு மூடினாள். கோப்பு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிறத்தைக் கைகழுவி விட்டது.

இப்போது பிற்பகல் இரண்டு மணி. கடும் காற்று வருகிறது, கடலில் நிற்பவர்களின் பெயர்களை மூன்று மணிக்குள் தாருங்கள் என்று படகுகளோடு பேசும் ரேடியோ நிலையத்துச் சுலக்சன் கேட்டிருக்கிறார். அவசரமாகப் பழைய எக்செல் கோப்பைத் திறந்தாள். இன்று காலை மாற்றிய நிறத்தை அதில் சேமிக்கவில்லை; இருந்தது நேற்றைய சிவப்பு. நேற்றுப் போனவர்கள் இன்று வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கலாம்.

வீடுகளுக்குப் போன் எடுப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் ஆள் வந்துவிட்டாரா என்று நேரே கேட்டால் அவ்வளவுதான்; ஒரு வீட்டில் கிளம்பும் குளறல் ஊரையே கடற்கரைக்கு இழுத்துவிடும். அதனால் துணிந்து ஒரு பொய் சொன்னாள்.

"இரத்தினேஸ்வரி அக்கா, மண்ணெண்ணெய்ப் படிவத்தில ஒரு கையெழுத்து வேணும். அண்ணர் நிக்கிறாரோ?"

"இல்லைப் பிள்ளை, விடியவே போயிட்டார். பின்னேரம்தான் வருவார்."

"அவசரமில்லை அக்கா."

பெயரைக் குறித்தாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒருத்தி அது என்ன படிவம் என்று குடைந்தெடுத்தாள்; அவள் பேச்சை வெட்டிவிடுவதற்குள் லக்சாயினிக்கு வியர்த்துவிட்டது. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கையில் ஒன்பது பெயர்கள். சுலக்சனுக்கு ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"அவ்வளவுதானோ அக்கா?"

முப்பத்தேழு வீடுகளுக்கு எடுத்திருந்தாள். முப்பத்தெட்டாவது வீட்டில் போனைத் தூக்க ஆளில்லை. அந்த வீட்டுக்காரி இங்கே கணினிக்கு முன்னால் கதிரையில் இருக்கிறாள். புருஷன் யோகலிங்கத்தின் பெயரை அவள் ஒரு நாளும் சிவப்பாக்கியதில்லை. கை வரவில்லை. அவள் தாளில் அவன் எப்போதும் கரையில்தான்.

"இன்னும் ஒராள் இருக்கிறார். இவரும் விடியப் போனவர்."

"ஆர் அக்கா?"

பெயர்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நிரல் திறந்து, அவன் பெயருக்கு நேரே 'கடலில்' என்று எழுதினாள். பிறகு பெயரைச் சொன்னாள். சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது.